ஐம்பத்தேழு புள்ளிகள்

ரிச்சி தெருவில் வானம் ஒரு முழம்தான்.
ஒயர்களுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் நடுவே
அந்த ஒரு முழத்துக்குக் கீழே
மிஷினை ஏந்திக்கொண்டு நின்றார் இவர்,
கோயில் வாசலில் பொங்கலுக்கு நிற்கிற மாதிரி.
செயற்கைக்கோளைத் தேடுகிறது என்றது திரை.
தேடட்டும்.
என் வளையல் ரெண்டும் சேட்டுக் கடையில் இருக்கிறது.
கொஞ்சம் பாடுபட்டுத் தேடினால் குறைந்துபோகாது.

கண்ணாடிமேல் மூன்றை வைத்திருந்தான் இர்ஃபான்.
முதலாவது தொடுதிரை. கலர் கலராகக் கடல்,
கடலுக்குள் ஆழம், ஆழத்துக்கு ஒரு நிறம்.
இவர் விரலால் தேய்த்தார்.
இன்னொரு தரம் தேய்த்தார்.
கடல் அப்படியே கிடந்தது.
நைலான் கயிறு இருபது வருஷம் தின்ற விரல்;
ரேஷன் கடை மிஷினே
இப்படி ஒரு ஆள் இல்லையென்று திருப்பியனுப்பும்.

ரெண்டாவதில் பொத்தான். பென்சில் பேட்டரி ரெண்டு.
பதினாறாயிரம்.
"ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்ணே."
படகில் பாதிப் பங்குக்காரர் செல்லக்கண்ணு கேட்டார்:
"எங்க பாருகிட்ட பதினெட்டு பாகம்.
நாங்க குதிச்சி எடுக்கிற வரிக்கும்
ஒரு மீட்டர்லயே நின்னுனு இருக்குமா தம்பி?"

போனிலேயே வருதே என்றான் டீ கொண்டுவந்த பையன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
போன மாசம் வஞ்சிரத்தோடு ஐஸில் கிடந்து
போன் செத்தது அவனுக்கு எப்படித் தெரியும்.

மூன்றாவது பழையது. ஏழாயிரத்து ஐந்நூறு.
மஞ்சள் உடம்பெல்லாம் கீறல்,
கழுத்தில் வலை நூலால் ஒரு முடிச்சு.
அந்த முடிச்சை இவர் பார்த்த பார்வையிலேயே
இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தெருமுனையில் வானம் கொஞ்சம் அகலம்.
அங்கே போய் உயிர் கொடுத்தோம்.
ஐம்பத்தேழு புள்ளி.
இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிவைத்திருந்தான் யாரோ:
கல்லு. கல்லு ரெண்டு. சங்கரா.
முங்கின போட்.
வலை கிழிஞ்சது.
மோகனா.
மோகனா ரெண்டு.
வேணாம்.

"வேணாம்னா இன்னா?"
"வேணாம்தான்."

"லாட்டரிடா எத்திராசு! கூடப்பொறந்தவனே குடுக்கமாட்டான்
இத்தினி எடம்."
"அழிச்சித் தரட்டுமாண்ணே? ரெண்டு நிமிஷம்" என்றான் இர்ஃபான்.
யார் விற்றது என்று கேட்டார் இவர்.
மூட்டையில் மொத்தமாக வந்தது, தெரியாது என்றான்.

எனக்குத் தெரிந்தது.
கடலில் கண்டுபிடித்த கல்லை
எவனும் ஏழாயிரத்துக்குச் சேர்த்துத் தரமாட்டான்.
விற்கிறவன் அழித்துவிட்டுத்தான் விற்பான்.
இதை விற்றவளுக்கு
எந்தப் பொத்தான் என்று தெரிந்திருக்காது.

வாயைத் திறக்கவில்லை. பணத்தை எண்ணி வைத்தேன்.
"அழிக்காதே" என்று மட்டும் சொன்னேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் ரயில் ஏறினோம்.
சேப்பாக்கம் தாண்டும்போது
வீடு, தெரு எதுவும் இல்லாத வெள்ளைத் திரையில்
ஒரு சின்ன முக்கோணம் ஓடியது.
"நம்ம என்ஜினுக்கு மேல போவுதே" என்று சிரித்தார் செல்லக்கண்ணு.
எதற்கு முதலில் போவது என்று பேசிக்கொண்டே வந்தார்கள்.
சங்கரா என்றார் ஒருவர், முங்கின போட் என்றார் மற்றவர்.
வேணாம் பக்கம் போவதில்லை என்பதில் தகராறு இல்லை.
மோகனாவைப் பற்றி ரெண்டு பேரும் பேசவில்லை.

நொச்சிக்குப்பத்தில், படகு ஏற்றியிருக்கிற மணலில் நின்று
ஐம்பத்தெட்டாவதைக் குறித்தார்.
ஒரு எழுத்துக்கு எட்டு அமுக்கு.
எட்டிப் பார்த்தேன்.
என் பேரின் முதல் எழுத்து வந்திருந்தது.
"அது வேணாம்" என்றேன்.
"கரைன்னு போடு.
சின்னதுதானே, சீக்கிரம் முடியும்."